இரண்டு கிலோ மாத்திரை

என் கணவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தபோது அவர் தம்மாமில் இருந்தார், நான் துபாயில் இருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் நிலைமை அதுதான். லீவு கிடைக்கும் மாதத்தில் ஊரில் ஒன்றாக இருப்போம். மற்ற நாளெல்லாம் எங்கள் குடும்பம் போன் கார்டில்தான் நடந்தது. அவர் நன்றாகப் பேசுவார். நன்றாக என்றால் நிறைய என்று அர்த்தம். கம்பெனி மெஸ்ஸில் இன்று என்ன குழம்பு, யாருக்கு விசா முடிகிறது, சூப்பர்வைசர் காலையில் எந்த மூஞ்சியோடு வந்தான் என்று ஆரம்பித்தால், கார்டு தீரப்போகிறது என்று ரெக்கார்டு செய்த பெண் குரல் குறுக்கே வந்து சொல்லும் வரை நிறுத்த மாட்டார். எனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அதை அந்தப் பெண் வருவதற்குள் நுழைத்துவிட வேண்டும்.

அவர் வேலையும் பேசுகிற வேலைதான். ரிக்கர். கிரேன் தூக்கும் இரும்புக்குக் கீழே நின்றுகொண்டு, மேலே உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்கு வாக்கி டாக்கியில் ஏற்று, இறக்கு, நிறுத்து என்று சொல்ல வேண்டும். சைட் இரைச்சலில் வருஷக்கணக்காகக் கத்தியதில் குரல் நாணில் ஒரு சதை வளர்ந்துவிட்டது. அதை எடுத்துவிட்டார்கள். கெட்டது எதுவும் இல்லை என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. ஆனால் புண் ஆற வேண்டும். மறுபடி பார்த்துச் சொல்லும் வரை ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது, பேசினால் தழும்பு விழுந்து குரல் திரும்பாமலே போகலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

குரல் திரும்பாவிட்டால் அடுத்து என்ன என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கம்பெனி 'அன்ஃபிட்' என்று எழுதி, பாஸ்போர்ட்டில் எக்ஸிட் அடித்து, ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடும். வாய் திறக்க முடியாத ரிக்கரைக் கீழே நிறுத்தி யாரும் கிரேன் ஓட்ட மாட்டார்கள். எனக்கோ அது இரண்டாவது கவலை. கல்யாணத்தில் எனக்குக் கிடைத்ததில் பெரும்பாகம் அந்தக் குரல்தான். அதுவும் போய்விட்டால் எனக்கு மிஞ்சுவது ஒரு போட்டோ.

நான் சர்ஜிக்கல் வார்டு நர்ஸ். டாக்டர் பேச்சைக் கேட்காத நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து என் கோபத்துக்கு நல்ல பயிற்சி உண்டு. சவுதிக்குப் போய் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாயைக் காவல் காக்கலாம் என்றால், அந்த விசா நினைத்தவுடன் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை. அதனால் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து ரூமுக்கு வந்த அன்றே போன் போட்டேன். திட்டம் தெளிவானது. நான் கேட்பேன், அவர் போனில் விரலால் தட்டுவார். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை.

"வலி இருக்கா?" இரண்டு தட்டு. "தண்ணி நல்லா குடிக்கியளா?" ஒரு தட்டு. "கஞ்சி இறங்குதா?" என்றேன். தட்டு வரவில்லை. காற்று மட்டும் வருவது போல ஒரு சத்தம் வந்தது.

"நீ சாப்பிட்டியாட்டி?"

"வாயத் திறக்காதிய!" என்று கத்தினேன்.

"கிசுகிசுன்னுதான பேசுதேன். இது கணக்குல வராது."

கணக்கில் வரும். சாதாரணமாகப் பேசுவதைவிடக் கிசுகிசுப்பது அந்தப் புண்ணுக்கு இன்னும் கெடுதல். அதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஐந்து நிமிஷம் கழித்து அவரே கூப்பிட்டு, "சரி, பேசல" என்று கிசுகிசுத்தார். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த மனிதர் கையில் போன் இருக்கக் கூடாது.

எஸ்.எம்.எஸ். என்று நீங்கள் சொல்லலாம். ஸ்மார்ட்போன் வருவதற்கு முந்தைய காலம் அது, எங்கள் போனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அவருக்கோ இங்கிலீஷ் எழுத்தில் தமிழைக் கோர்ப்பது கல் உடைக்கிற வேலை. நான் பத்து வரி அனுப்பினால் 'ok' என்று வரும். அழுதுகொண்டு அனுப்பினாலும் 'ok'. இத்தனை பேச்சை வயிற்றுக்குள் வைத்திருப்பவரை 'ok' போட்டு அடைத்தால், எங்கேயாவது உடைத்துக்கொண்டு வெளியே வரும் என்பது எனக்குத் தெரிந்தது. அவர் பேசாமல் இருக்க வேண்டும் என்றால் பேசுவதற்கு வேறு வழி கொடுக்க வேண்டும்.

எங்கள் வார்டுக்கு ரவுண்ட்ஸ் வரும் மயக்க மருந்து டாக்டர் ஒருவர், கம்ப்யூட்டர் ஒன்றைச் சாப்பாட்டுத் தட்டு மாதிரி இடது கையில் ஏந்திக்கொண்டு, அதன் மேல் பேனாவால் எழுதிக்கொண்டு நடப்பார். அதுவரை அது அவருடைய பந்தா என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அவரை வழியில் நிறுத்தி, இதில் எந்தப் பாஷையிலும் எழுதலாமா என்று கேட்டேன்.

"பேனாவுக்குப் பாஷை ஏது சிஸ்டர்?" என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். தன் மகளுக்கு மெசஞ்சரில் பூனைப் படம் வரைந்து அனுப்புவதையும் காட்டினார். இந்தப் பக்கம் பேனாவால் கிறுக்கினால், கிறுக்கியது கிறுக்கியபடியே அந்தப் பக்கத்துத் திரையில் விழுகிறது. டேப்லெட் பி.சி. என்று பெயர் சொன்னார். எனக்கு அதற்கு மேல் எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. ஆஃப் நாளன்று பர் துபாயில் கம்ப்யூட்டர் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவுக்குப் போய் இறங்கினேன்.

கடைக்காரர் ஹிந்தியில் 'ஏக்தம் நயா மாடல்', புத்தம் புதுசு என்று ஒன்றை எடுத்து வைத்தார். கீபோர்டு இல்லாமல் சிலேட்டு போல மெல்லியதாக இருந்தது. விரல் பட்டாலும் வேலை செய்யும் என்றார். பேனாவை வாங்கி, நாம் நோட்டில் எழுதுவது போல உள்ளங்கையை ஊன்றி எழுதினேன். பேனா ஒரு பக்கம் எழுத, உள்ளங்கை இன்னொரு பக்கம் கோடு போட்டது. கையைத் தூக்கிக்கொண்டு எழுதுங்கள் மேடம் என்றார். என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதப் போகிறவர், அந்தரத்தில் கையை நிறுத்திக்கொண்டு அவரால் எழுத முடியாது என்று சொல்லி ஓரமாக வைத்தேன்.

அடுத்ததில் பேனா வைத்த இடம் ஒன்று, கோடு விழுந்த இடம் வேறு. மூன்றாவது, யாரோ பயன்படுத்திவிட்டு விற்றது. மூடியில் ஒரு கீறல் இருந்தது. தடிமன். கீபோர்டு இருந்தது, ஆனால் திரையைக் கழுத்தோடு திருப்பிக் கவிழ்த்தால் எழுதுகிற பலகை ஆகிவிடும். விரலால் எங்கே தொட்டாலும் அது கண்டுகொள்ளவில்லை. அதற்கென்று உள்ள பேனா பட்டால் மட்டும் வேலை செய்தது. உள்ளங்கையை முழுசாக ஊன்றி 'சாப்பிட்டாச்சா' என்று எழுதினேன். அழகாக விழுந்தது. விழுந்து முடிந்ததும் அந்த மெஷின் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டியது. என் கையெழுத்தைப் படித்து இங்கிலீஷில் மூன்று வார்த்தையாக மாற்றிக் கொடுத்தது. அதில் ஒன்று ஊர்ப் பெயர் போல இருந்தது.

கடைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாருங்க மேடம், அதுவே படிச்சிடுது!"

"அது படிக்க வேண்டாம். என் புருஷன் எழுதுறத நான் படிச்சுக்கிடுவேன். அதை மூடுங்க" என்று என் ஆஸ்பத்திரி ஹிந்தியில் சொன்னேன். அவர் நம்ப முடியாமல் அந்த வசதியை நிறுத்தினார். இந்த மெஷினின் பெரிய விசேஷத்தையே வேண்டாம் என்று சொல்லி அதை வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

துபாய் சத்வா பகுதியில், தையல் கடைகளுக்கு மேலே ஒரு ஃப்ளாட்டில் நாங்கள் மூன்று நர்சுகள் இருந்தோம். நெட் கனெக்‌ஷன் எங்களுடையது. ரவுட்டரைச் சுவரில் மாட்டி, அதற்குப் பாஸ்வேர்டு வைத்தவள் நான்தான். முதலில் எங்கள் மூன்று பேர் ஊர்ப் பெயரையும் சேர்த்து ஒன்று வைக்கப் பார்த்தேன். அது ஒத்துக்கொள்ளவில்லை. எண்கள் வேண்டும், எழுத்து என்றால் இங்கிலீஷ் எழுத்தில் 'ஏ'யிலிருந்து 'எஃப்' வரைக்கும்தான், அதற்கு மேல் ஒரு எழுத்தும் வேண்டாம் என்று அடம்பிடித்தது. சரி, உன் இஷ்டம் என்று விட்டுக்கொடுத்திருந்தேன்.

டேப்லெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் அதற்கு எங்கள் நெட்வொர்க்கே கண்ணில் படவில்லை. ரவுட்டர் தலைக்கு மேலே விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது, இதுவோ அக்கம்பக்கத்தில் யாருமே இல்லை என்கிறது. ஒரு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பக்கவாட்டில் நகத்தால் மட்டும் நகர்த்தக்கூடிய ஒரு சின்ன சுவிட்ச் இருப்பதைப் பார்த்தேன். அதைத் தள்ளினேன். சத்வாவில் உள்ள நெட்வொர்க் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. எங்களுடையதைத் தொட்டு, பாஸ்வேர்டு அடித்ததும் சேர்ந்துகொண்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஆனால் அது பாதி வேலைதான் என்றும் தெரிந்தது. இதே வேலையைத் தம்மாமில் இன்னொரு கை செய்ய வேண்டும், நான் போனில் சொல்ல வேண்டும்.

அதனால் ஒத்திகை நடத்தினேன். என்னோடு இருந்த நர்சுகளில் கம்ப்யூட்டரைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறவளைப் பிடித்து டேப்லெட் முன்னால் உட்கார வைத்தேன். நான் சமையலறையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு மொபைலில் அவளைக் கூப்பிட்டேன். இடது பக்க ஓரம், சுவிட்ச், கீழே வலது மூலையில் சின்னப் படம், அதன் மேல் பேனாவால் இரண்டு தட்டு. அவள் எந்த இடத்தில் "எது? எங்கே?" என்று கேட்டாளோ அந்த இடத்துக்கு வேறு வார்த்தை தேடினேன். மூன்றாவது தடவை அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் நெட்டுக்குள் போய்விட்டாள். உலகத்தில் யார் வந்தாலும் இனி என்னால் நெட்டில் சேர்த்துவிட முடியும் என்ற தெம்பு வந்துவிட்டது.

அடுத்து, பொருள் தம்மாம் போக வேண்டும். எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வரும் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணன் ஒருவர் டெக்னீசியன். கம்பெனி வேலையாக ரோடு வழியே அடிக்கடி தம்மாம் போய் வருவார். ஊறுகாய், கருவாடு, கல்யாணப் பத்திரிகை என்று எல்லார் சாமானையும் முகம் சுளிக்காமல் கொண்டுபோவார். அவருக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, வீட்டுக்காரருக்கு ஒரு டேப்லெட் குடுத்து விடணும். கொண்டு போவியளா?"

"தம்மாம்ல கிடைக்காதா சிஸ்டர்?"

"கிடைக்கும். ஆனா இது நானே பார்த்து வாங்கினது. இதுதான் அவங்களுக்குச் சரியா வரும்."

"டாக்டர் எழுதிக் குடுத்ததா?"

"டாக்டர் வச்சிருக்கதப் பார்த்துத்தான் வாங்கினேன்."

"எத்தன இருக்கு?"

"ஒண்ணுதான்ணே."

"ஒண்ணுதானா?" அவர் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. "எத்தன எம்.ஜி.?"

எதற்கு இதைக் கேட்கிறார் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. எடையைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "ரெண்டு கிலோ வரும்" என்றேன்.

"ரெண்டு கிலோ மாத்திரையா!" என்று அலறிவிட்டார். "சிஸ்டர், தப்பா நெனைக்காதிய. நீங்க கருவாடு குடுங்க, கல்லைக் கட்டிக் குடுங்க, கொண்டு போறேன். மருந்து மாத்திரை மட்டும் வேண்டாம். பார்டர்ல பிடிச்சான்னா கலாஸ், அத்தோட முடிஞ்சோம். எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு."

எனக்கு வந்த சிரிப்பு நிற்கவில்லை. எங்கள் ஊரில் டேப்லெட் என்றால் மாத்திரை. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அப்படித்தான். அதுவும் ஒரு நர்ஸ் சொன்னால் வேறு என்னவாக இருக்க முடியும்? அவர் பயந்ததிலும் தப்பில்லை. அடுத்தவர் கொடுத்த மருந்தைச் சும்மா பைக்குள் போட்டுக்கொண்டு பார்டரில் மாட்டிக்கொண்டவர்கள் கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும். மறுநாள் டேப்லெட்டை அவர் ரூமுக்கே எடுத்துப் போய்த் திறந்து காட்டினேன். திரையை ஒரு சுற்றுச் சுற்றிக் கவிழ்த்ததும் அவருக்கு மூச்சு வந்தது.

"இத கம்ப்யூட்டர்னு சொன்னா என்ன சிஸ்டர்? ராத்திரி பூரா தூங்கல" என்றார்.

பார்டரில் யார் கேட்டாலும் கம்ப்யூட்டர் என்றுதான் சொல்ல வேண்டும், டேப்லெட் என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது என்று நானும் அவருக்குச் சொல்லி அனுப்பினேன். என் வீட்டில் ஒருவர் வாயே திறக்கக் கூடாது, இவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக் கூடாது.

தம்மாமில் என் கணவர் ரூமுக்குக் கீழே ஒரு மொபைல் கடை. ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து பாய் ஒருவர் வைத்திருந்தார். போன் கார்டு வாங்கி வாங்கி இவர் அவருக்கு வாடிக்கையாளர், அப்புறம் சிநேகிதர். அவர் கடை நெட் மேலே ரூம் வரைக்கும் எட்டும். நான் விஷயத்தைச் சொன்னதும், "அவரு பேச்சு இல்லாம கட்டடமே வெறிச்சோடிக் கெடக்கு தங்கச்சி, நெட்ட எடுத்துக்கங்க" என்று ஒப்புக்கொண்டார். பெட்டி போய்ச் சேர்ந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், மொபைலைக் காதில் வைத்துக்கொண்டு பாய் மாடி ஏறினார். நான் எங்கள் சமையலறையில் அதே சுவரைப் பார்த்து நின்றேன்.

"தங்கச்சி, பெட்டியப் பிரிச்சாச்சு. தொட்டா ஒண்ணும் அசைய மாட்டேங்குது."

"விரலால தொட்டா அசையாது பாய். பேனாவால தொடணும்."

"பேனா மாஃபி தங்கச்சி. பெட்டிக்குள்ள இல்ல."

"திரை ஓரத்துல ஒரு சின்ன ஓட்டை இருக்கு பாருங்க, அமுக்குனா வெளிய வரும்." வந்தது. சுவிட்சைத் தள்ளச் சொன்னேன், தள்ளினார். நெட்வொர்க் வரிசையில் அவர் கடைப் பெயர் முதலாவதாக நின்றதும், "ஏ, என் கடை!" என்று சந்தோஷப்பட்டார். பாஸ்வேர்டு கேட்டது. அவர் கடைக் கம்ப்யூட்டர் வயரில் ஓடுவதால் அதை அவர் ஒருநாளும் அடித்ததில்லையாம். ரவுட்டரை மாட்டிவிட்டுப் போன தமிழ்ப் பையன் சொன்னதை மனப்பாடமாக வைத்திருந்தார். நாலு, ஏழு, பி, ரெண்டு, டி என்று பத்து எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். தப்பு என்று வந்தது. மறுபடி அடித்தார். தப்பு. நிதானமாக அடிக்கச் சொன்னேன். அதுவும் தப்பு.

அப்போது போனில் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. "ஏ..." என்று ஆரம்பிக்கிற சத்தம். அந்த ஒற்றை எழுத்தை நான் எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வேன். என் வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது, பேசப் போகிறார்.

"வாய மூடுங்க!" என்று என் பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினேன். "ஒரு எழுத்து வெளிய வந்துது, இத்தோட போனை உடைச்சிருவேன்!"

பாய்தான் மெதுவாகக் கேட்டார். "தங்கச்சி, நான் பேசலாமா, நானும் மூடிக்கணுமா?"

"நீங்க பேசுங்க பாய். அவங்க என்ன செய்தாவ?"

"தலையில அடிச்சிக்கிட்டு கட்டில்ல போயி உக்காந்துட்டாரு."

இத்தனை தூரம் வந்து இந்த இடத்தில் நின்றுபோனால், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு அவர் பேசிவிடுவார். கோபத்தில் பேசுவார், அலுப்பில் பேசுவார், தூக்கத்தில் எழுந்து தண்ணீர் கேட்பது போலப் பேசிவிடுவார். அந்தப் பத்து எழுத்துகளை மறுபடி சொல்லும்படி பாயிடம் சொன்னேன். இந்தத் தடவை அவர் சொல்வதைச் சும்மா கேட்காமல், பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாக எழுதினேன். நாலு. ஏழு. பி.

"பாய், அந்த பி எது? பேங்க் பியா, போலீஸ் பியா?"

"ரெண்டும் ஒண்ணுதானே தங்கச்சி?"

அங்கேதான் பிடிபட்டது. ஒன்றுதான். நம் எழுத்தில் பேங்குக்கும் அதே 'ப', போலீசுக்கும் அதே 'ப'. டாக்டருக்கும் அதே 'ட', டீக்கடைக்கும் அதே 'ட'. மாட்டிய பையன் தமிழன், கேட்டவர் தமிழர், போனில் கேட்கிறவள் நானும் தமிழச்சி. மூன்று பேரும் அந்த இரண்டு எழுத்தையும் ஒரே மாதிரி சொல்லி, ஒரே மாதிரி கேட்டு, திருப்தியாகத் தப்புப் பண்ணிக்கொண்டிருந்தோம்.

"நீங்க எத அடிச்சிய?"

"போலீஸ் பி. டீக்கடை டி."

எங்கள் ரவுட்டர் என்னிடம் பிடித்த அடம் ஞாபகம் வந்தது. 'எஃப்'புக்கு மேல் எழுத்தே கிடையாது. பாய் ரவுட்டரும் அதே ஜாதி என்றால் போலீசுக்கும் டீக்கடைக்கும் அங்கே இடமில்லை. "பாய், போலீஸ எல்லாம் அழிச்சிட்டு பேங்க் போடுங்க. டீக்கடைய அழிச்சிட்டு டாக்டர் போடுங்க. மத்ததத் தொடாதிய."

அவர் ஒவ்வொன்றாக, பேங்க், டாக்டர் என்று உரக்கச் சொல்லி அடித்தார். அப்புறம், "யல்லா, சேந்துருச்சு!" என்று ஒரு சத்தம் போட்டார். நான் போனை வைத்துவிட்டு என் லேப்டாப்புக்கு ஓடினேன்.

மெசஞ்சரில், நான் முன்பே திறந்து வைத்திருந்த அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை வந்தது. அப்புறம், கோணலாக, இடது பக்கம் சாய்ந்து, ஒரு எழுத்துக்கும் புள்ளி வைக்காமல், தமிழ் வந்தது.

'நீ கததினது பஹரைன வரைககும கேடடிருககும.'

அவர் கையெழுத்தை அதற்கு முன்னால் நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், வேதக் கோயில் கல்யாணப் பதிவில் போட்ட கையெழுத்து. கடிதம் எழுதிக்கொள்ளும் காலத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை நாங்கள். புள்ளி ஏன் வைப்பதில்லை என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக் கேட்டேன். 'நீதான இருககியே, வசசுப படிசசுககோ' என்று பதில் வந்தது. நான் லேப்டாப் முன்னால் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன், இரண்டையும் ஒன்றாகத்தான் செய்தேன். டேப்லெட் வேலை செய்கிறதா என்று ஒத்திகையில் உட்கார்ந்தவள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகு தினமும் டூட்டி முடிந்து வந்ததும் மெசஞ்சர்தான். நான் வார்டில் நடத்துவது போலவே நடத்தினேன். ஆவி பிடித்தாயிற்றா, தண்ணீர் எத்தனை பாட்டில், காரம் சாப்பிட்டீர்களா. அவர் முதலில் வழக்கம் போல மெஸ் குழம்பையும் சூப்பர்வைசர் மூஞ்சியையும் எழுதினார். மூஞ்சியை வரைந்தும் காட்டினார். ஆனால் எழுதுவது பேசுவது போல இல்லை, கை வலிக்கும். அதனால் நாள் போகப் போக வரி குறைந்தது, ஒவ்வொரு வரியும் யோசித்து வந்தது. ஒருநாள், போனில் ஏன் அத்தனை பேசுவீர்கள், என்னை ஒரு வார்த்தை பேச விட்டதுண்டா என்று சண்டைக்கு இழுத்தேன். பதில் வந்தது. புள்ளிகளை நானே வைத்துப் படித்தேன்.

'நீ டூட்டி முடிச்சு வந்து போனை எடுக்கும்போது ஒரு மூச்சு விடுவ. அதுலயே தெரிஞ்சிரும் எவ்வளவு அலுப்புன்னு. பாவம், இவ பேச வேண்டாம், சும்மா கேட்டுட்டு இருக்கட்டும்னுதான் நான் பேசிட்டே இருப்பேன்.'

இத்தனை வருஷமாக வாயாடி என்று நினைத்திருந்தேன். இதை அவர் வாயால் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார், எழுதியதால்தான் சொன்னார். எனக்கு அன்றைக்கு அவர் மேல் வந்த பிரியத்தை நான் இங்கிலீஷ் எழுத்தில் எப்படி அடிப்பது? 'ok' என்று அடித்தேன். அந்தப் பக்கத்திலிருந்து பெரிய சிரிக்கிற மூஞ்சி ஒன்று வந்தது.

டாக்டரிடம் மறுபடி காட்ட வேண்டிய நாள் காலையில், கிளம்புவதற்கு முன் எழுதினார். 'குரல் வரலேன்னா?'

'வரும்' என்று அடித்தேன். இதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஒழுங்காக வாயை மூடியிருந்த நோயாளி அவர், மூட வைத்தவள் நான்.

'வரலேன்னா?' என்று அதே வார்த்தை மறுபடி வந்தது. எழுத்து நடுங்கியிருந்தது. பயப்படுகிற ஆளிடம் பயப்படாதே என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை என்பது நர்ஸுக்குத் தெரியும். 'வரலேன்னா ஊருக்குப் போவோம். நீங்க எழுதுங்க, நான் படிக்கிறேன். ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்து செய்வோம்' என்று அடித்தேன். பச்சை அணைந்துவிட்டது.

அன்று வார்டில் என் வாய் எல்லாரையும் அதட்டிக்கொண்டே இருந்தது. டூட்டி நேரத்தில் மொபைல் கூடாது என்பது சட்டம். நான் யூனிஃபார்ம் பைக்குள் வைத்திருந்தேன். மத்தியானம் அது அதிர்ந்தது. மருந்து ட்ராலியை அப்படியே விட்டுவிட்டு, துணி அடுக்கி வைக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி எடுத்தேன்.

"ஏட்டி" என்றார்.

மெலிந்துபோன குரல், ஓரத்தில் கொஞ்சம் உரசியது. ஆனால் குரல்தான், காற்று இல்லை. அவருடைய குரல்தான். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"ஏட்டி, கேக்குதா?"

கேட்கிறது என்று சொல்ல வேண்டும். இத்தனை நாள் அவரை அதட்டிய வாய், ஒரு எழுத்துக்குக்கூட வழிவிடவில்லை.

"என்னட்டி, உனக்கும் ஆபரேஷன் பண்ணிட்டாவளா?" என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பும் உரசியது. "டாக்டர் நல்லா ஆறியிருக்குன்னுட்டாரு. இன்னிக்கு நாலு வார்த்தைக்கு மேல கூடாதாம், கொஞ்சம் கொஞ்சமாத்தான் பேசணுமாம். உன்னக் கூப்பிடதுலயே எல்லாம் தீந்து போச்சு. நீ ஏதாச்சும் சொல்லு."

இன்னும் பேசட்டும் என்றுதான் எனக்கு இருந்தது. மெஸ் குழம்பைச் சொல்லட்டும், சூப்பர்வைசர் மூஞ்சியைச் சொல்லட்டும், கார்டு தீரும் வரை சொல்லட்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டு, எப்படியோ குரலை வெளியே இழுத்தேன்.

"போதும். போனை வைங்க."

"சரி" என்று வைத்துவிட்டார். நான்தான் வைக்கவில்லை. வெளியே யாரோ சிஸ்டர், சிஸ்டர் என்று கூப்பிடும் வரைக்கும் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.